ரெண்டர் ஓடும் நேரம்

ஜூலை 22, சனி

மொடச்சூர்க்காரர் வீட்டுக் கல்யாணம் முக்கால்வாசி வெந்த பிறகு கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. இனி முதலிலிருந்து.

ரெண்டர் ஓடுவதை எங்கள் வீட்டில் ‘வேகிறது’ என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரர் கேமராவில் எடுத்து வரும் கல்யாணங்களை நான் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பேர் போட்டு வைப்பேன். அதையெல்லாம் ஒரே படமாக்கித் தருவது கம்ப்யூட்டரின் வேலை. மூன்று மணி நேரக் கல்யாணம் வேக ஒரு ராத்திரியும் மறுநாள் பாதியும் பிடிக்கும். அதுவரை மௌஸைத் தொடக்கூடாது. வேறு எந்த வேலையும் அதில் ஓடாது.

“தொட்டியா புள்ள?” என்று கேட்டார்.

“இல்லைங்க.”

நான் தொடவில்லை, அது உண்மைதான். மகள் இனியாவுக்குப் பத்து மாதம். மேசைக்காலைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருக்கிறாள். அவள் கையில் மௌஸ் வயர் இருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் புது சிஸ்டம் வாங்கிவிடுவது என்று முடிவு. எதை என்பதுதான் முடிவாகவில்லை.

மறுபடி ரெண்டர் போட்டுவிட்டு, சும்மாதானே இருக்கிறோம் என்று குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்தேன். சாம்பிராணி காட்டினேன். மடியில் போட்டு நகம் வெட்டினேன். ஒரு வேலையும் நடக்காத நாள்.

ஜூலை 23, ஞாயிறு

சத்தியிலிருந்து நங்கையா வந்திருந்தார். இவருக்கு மூத்த அக்கா. வந்ததும் இனியாவைத் தூக்கியவர் போகும்வரை கீழே விடவில்லை.

“ஆவணியில ஒம்பது கல்யாணம் புடிச்சு வெச்சிருக்கான் எந்தம்பி. கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு நீ எப்படிக் கண்ணு செய்வே? எங்கிட்டத் தாட்டி வுடு. கார்த்திகை வரைக்கும் வெச்சுக்கறேன். பையன் ஆஸ்டலுக்குப் போனதுல இருந்து ஊடே வெறிச்சுனு கெடக்குது.”

நல்ல மனதோடுதான் சொல்கிறார். எனக்குப் பயமே அதுதான். கெட்ட மனதோடு சொன்னால் முடியாது என்று சொல்லிவிடலாம்.

அதனால் இரண்டு பேர் முன்னாலும் வைத்தே சொன்னேன். “சரியான சிஸ்டமா வாங்குனா பாப்பாவ எங்கயும் தாட்டி விட வேண்டியதில்லைங்க. பாதி நேரத்துல வேலை முடிஞ்சிரும். மிச்ச நேரம் அவகூட இருந்துக்குவேன்.”

“எது சரியான சிஸ்டம்?” என்று அவர் விளம்பரத் தாளை விரித்தார். “இந்த சிங்கிள் கோர்ல மூணு புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கான். நீ சொல்ற டூயல் கோர்ல ஒண்ணு புள்ளி எட்டு. வெலையும் அதுதான் சாஸ்தி. எவனாச்சும் சின்ன நம்பருக்குப் பெரிய காசு குடுப்பானா?”

“நம்பர் அடுப்புத் தீ மாதிரிங்க. ஒத்த அடுப்புல தீயைப் பெருசா வெச்சாச் சோறு வெசையா வேகும். ஆனா சோறு எறங்குற வரைக்கும் கொழம்பு காத்துட்டுத்தான் கெடக்கோணும். இது ரெண்டு அடுப்பு. தீ கொஞ்சம் சின்னது. சோறும் கொழம்பும் ஒண்ணா ஆகும்.”

நங்கையா கையைத் தட்டிச் சிரித்தார். “அப்ப ரெண்டு அடுப்புலயும் ஒருத்திதான நிக்கோணும்?”

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

ஜூலை 29, சனி

ஈரோடு போய் வந்தோம். இனியாவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில்.

கடைக்காரர் எல்லாவற்றையும் அவரைப் பார்த்தே பேசினார். “சார், எடிட்டிங்குக்கு ஸ்பீடுதான் சார் முக்கியம். சிங்கிள்ல போயிருங்க. டூயல் எல்லாம் இப்பத்தான் வந்திருக்கு, சாஃப்ட்வேரே அதுக்கு ரெடியாகலை.”

கடைசியில் சொன்னது முழுப்பொய் இல்லை. நாங்கள் வெட்டி ஒட்டும் மிக்ஸிங் சாஃப்ட்வேர் இரண்டு கோரையும் முழுசாகப் பயன்படுத்தாதுதான். ஆனால் ஒரு கோரில் ரெண்டர் வெந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று கையில் இருக்குமே. அதைச் சொன்னேன்.

“மேடம் என்ன படிச்சிருக்கீங்க?”

“இதைத்தான். கோபி காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்புறம் கோயமுத்தூர்ல மல்டிமீடியா.”

“ஓ.” மறுபடி அவரைப் பார்த்தார். “சார், பாத்துக்கங்க.”

இரண்டு மெஷினிலும் ஒரே மாதிரி ஒரு பெரிய ஃபோல்டரைச் சுருக்கப் போட்டு, அது ஓடும்போதே ஒரு பாட்டையும் வீடியோவோடு ஓட விடச் சொன்னேன். முனகிக்கொண்டே செய்தார். மூணு புள்ளி ரெண்டில் பாட்டு விக்கியது. கதாநாயகி கையைத் தூக்கினாள், இறக்கவில்லை. ஒண்ணு புள்ளி எட்டில் பாட்டு பாட்டாகவே ஓடியது.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடைக்காரர் முன்னாலேயே, “நீ சொன்னதுதான் சரி புள்ள” என்றார். கல்யாணமான இந்த மூன்று வருடத்தில் இன்னொருத்தர் முன்னால் அப்படிச் சொன்னது இதுதான் முதல். பஸ்ஸில் சன்னல் சீட்டும் எனக்கே கொடுத்தார்.

கவுந்தப்பாடி தாண்டியதும் கேட்டார். “அப்ப ஒரு கல்யாணம் வேகறப்பவே இன்னொரு கல்யாணத்த நீ வெட்டலாம்?”

“தாராளமா வெட்டலாங்க. ஒண்ணும் திணறாது.”

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் நான்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பதினெட்டு. ஆடியில் புதுசு வாங்கக்கூடாது என்றாலும் இந்த ஒரு நாளுக்குத் தோஷமில்லையாம். புது சிஸ்டம் வந்தது. மானிட்டருக்குக் குங்குமம், சிபியூவுக்கு எலுமிச்சம்பழம். பழையதை விற்றாயிற்று.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஓடுகிறது! மொடச்சூர்க்காரர் சொன்ன திருத்தங்களைச் செய்து அந்தக் கல்யாணத்தை மறுபடி வேகப் போட்டுவிட்டு, அதே சிஸ்டத்தில் உட்கார்ந்து எனக்கென்று ஒரு டைட்டில் செய்தேன். இருதயமும் புறாவும் பறக்கிற ரெடிமேட் டைட்டில்கள் எனக்குப் பிடிக்காது. பவானி ஜமக்காளம் போல ஒவ்வொரு கோடாக நெய்துகொண்டே வர வேண்டும். சிவப்பு, பச்சை, மஞ்சள். கடைசிக் கோட்டில் பொண்ணு மாப்பிள்ளை பேர் தெரிய வேண்டும். காலேஜ் முடித்த நாளிலிருந்து மனதில் இருந்தது. பாதி வந்துவிட்டது. நேரம் போனதே தெரியவில்லை.

இனியாவை இன்றைக்குக் குளிப்பாட்டவில்லை. துடைத்துவிட்டேன். நாளைக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 14, திங்கள்

அந்தியூர் ஸ்டுடியோவிலிருந்தும் பவானி ஸ்டுடியோவிலிருந்தும் வெளி மிக்ஸிங் வாங்கி வந்திருக்கிறார். அவர்கள் எடுத்த கல்யாணங்களும் இனி நம் வீட்டில்தான் வேகும்.

“ரெண்டு அடுப்பு வாங்கிக் குடுத்திருக்கறேன், ஒண்ண அமத்தியா வெக்கறது?” என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 16, புதன்

ஜமக்காள டைட்டில் அப்படியே இருக்கிறது. இருதயமும் புறாவும் போட்டு முடித்தேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

முகூர்த்த நாள். அவர் காங்கேயத்தில். நான் அந்தியூர்க் கல்யாணத்தில், மாப்பிள்ளைக்குச் சகோதரி கூடை பிடிக்கும் இணைச்சீரை வெட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தங்கை வேறு, சித்தப்பா மகள் வேறு, யார் கூடையைப் பிடித்தார்கள் என்பதில் ஒரு நொடி குறைந்தாலும் சண்டை வரும். பாதியில் எழ முடியாது.

நங்கையா சொல்லாமல் வந்தார். இனியாவைத் தூக்கித் துணியை மாற்றினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

உட்காரும் இடமெல்லாம் செக்கச்செவேல் என்று புண். இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது.

“எப்பக் கண்ணு துணி மாத்துனே?”

காலையில் என்றேன். அப்போது மணி மூன்றரை.

அவர் திட்டவில்லை. தேங்காய் எண்ணெய் கேட்டார். தடவிக்கொண்டே, “அழுவாத சாமி, அத்தை வந்துட்டேன்” என்றார். இனியா அழவேயில்லை. இந்த வாரம் முழுக்கவே அவள் அதிகம் அழவில்லை. சமர்த்தாகிவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

முன்பெல்லாம் கம்ப்யூட்டர் தொடாதே என்று சொல்லும். எழுந்து போவேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

தாட்டி விட்டாயிற்று.

நான் ஒன்றும் சொல்லாமல் இல்லை. “டூயல் கோரே வாங்கினது எதுக்குங்க? பாப்பாவ வெச்சுக்கத்தான?” என்று கேட்டேன்.

“நாந்தான் வேண்டாங்கலியே புள்ள. பாதி நேரத்துல முடியும்னு நீதான சொன்னே? முடியுதுல்ல? முடியறதுனாலதான் ரெண்டு மடங்கு வருது. வர்ற வேலைய வேண்டாம்னா நாளைக்கு எவன் தருவான்? கார்த்திகையோட சரி. எங்கக்கா என்ன, அசலா?”

கணக்கில் எங்கேயும் தப்பில்லை. பாதி நேரம், இரண்டு மடங்கு வேலை. மிச்சம் என்ன என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். நான் பட்டதாரி.

நங்கையா இடுப்பில் உட்கார்ந்து போனாள். டாட்டா காட்டச் சொன்னார்கள், காட்டினாள். இரண்டு கையாலும்.

ஆகஸ்ட் 28, திங்கள்

மல்லிகைப்பூ இரண்டு முழம் வாங்கினேன். தலைக்கு இல்லை. மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றுமாம்.

ஆகஸ்ட் 31, வியாழன்

பவானிக் கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில், கெட்டிமேளத்துக்கு அடியில் எங்கேயோ ஒரு குழந்தை அழுகிறது. நாதஸ்வரத்தைக் கூட்டி அதை மூடினேன். ஜாக்கெட் நனைந்துவிட்டது. மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

சத்திக்குப் போன் போட்டேன். “நல்லா இருக்கறா கண்ணு. புண்ணெல்லாம் ஆறிப்போச்சு. ராகிக் கூழு மொடக்கு மொடக்குனு குடிக்கறா. நீ வெசனப்படாம வேலையப் பாரு.” புண் ஆறியதில் எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம்தான் என்று போனிலும் சொன்னேன்.

செப்டம்பர் 3, ஞாயிறு

இன்று அவர் சத்தியில் ஒரு கல்யாணம் எடுக்கப் போயிருந்தார். வெல்லமண்டி சென்னியப்பன் வீட்டுப் பெரிய பெண். பெரிய இடம். தை மாதம் இரண்டாவது பெண்ணுக்கும் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், இது பிடித்துப்போனால் அதுவும் நமக்குத்தான்.

இனியாவைப் பார்த்துவிட்டு வருவார் என்று வாசலிலேயே நின்றேன்.

“எங்க புள்ள! மண்டபத்த வுட்டு நகர முடியல. அக்கா ஊட்டுப் பக்கம் போகவே நேரமில்ல.”

கல்யாணம் எடுத்த கேசட்டுகளை மேசைமேல் வைத்தார். வெசையாக முடிக்க வேண்டும் என்றார். சட்டையைத் துவைக்கப் போடும்போது தோளில் ராகிக் கறை போல ஏதோ இருந்தது. மண்டபத்தில் சாம்பார் பட்டிருக்கும்.

செப்டம்பர் 8, வெள்ளி

கேசட்டிலிருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றும் வேலை மட்டும் எத்தனை கோர் இருந்தாலும் வேகமாகாது. கேசட் ஓடுகிற வேகம்தான் அதன் வேகம். அதனால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்தி. பேப்பர் விரித்த நீள மேசைகள். கடைசி மேசையின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நின்றது. மஞ்சள் கவுன். அந்தக் கவுனை நான் பார்த்ததில்லை. அதனால் சட்டென்று தெரியவில்லை.

மேசைக்காலை விட்டாள். கேமரா லைட்டைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு அடி வைத்தாள். நின்றாள். யோசித்தாள். அப்புறம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு லைட்டை நோக்கி நடந்தே வந்துவிட்டாள். விழவில்லை. முகம் திரை முழுக்க வந்தது. கண்ணாடியைத் தொட விரலை நீட்டினாள். அப்போது நங்கையாவின் வளையல் கை வந்து அள்ளிக்கொண்டது. படம் தாவிச் சாம்பார் வாளிக்குப் போயிற்று.

பந்தி எடுக்கும்போது அவர் கேமரா ஓரிடத்தில் நிற்காது. நின்றால் சாப்பிடுகிறவர்கள் கூச்சப்படுவார்கள் என்பார். அந்தக் கேமரா அவள் முதல் அடி வைத்ததிலிருந்து கடைசி வரை அசையவேயில்லை.

நங்கையாவுக்கும் சென்னியப்பன் வீட்டுக்கும் ஒரு பழக்கமும் கிடையாது. இவர்தான் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருப்பார். வீடியோக்காரர்களுக்கு இத்தனை இலை என்று முன்பே பேசிக்கொள்வது வழக்கம். அதற்குமேல் குடும்பத்தைக் கூட்டிவந்து உட்கார வைத்தான் என்று பேர் வந்தால் அவ்வளவுதான், அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியாது. இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் செய்ததில்லை. மகளைப் பார்க்க வேறு வழி தெரியவில்லை போல.

அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை என்றார். அது பொய்யில்லை. மற்றதைச் சொல்ல மறந்திருப்பார்.

செப்டம்பர் 9, சனி

வெட்டவில்லை. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டேன். கல்யாணப் படத்தில் ஒரு குழந்தை நடந்தால் மங்கலம்தானே. கூட்டத்தில் யார் கவனிக்கப் போகிறார்கள்.

ஏற்றி முடித்த கேசட்டுகளை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதே கேசட்டில்தான் அடுத்த கல்யாணத்தை எடுப்போம். இந்நேரம் அவள்மேல் வேறு யாரோ நலங்கு வைத்துக்கொண்டிருப்பார்கள்.

செப்டம்பர் 14, வியாழன்

சென்னியப்பனும் அவர் சம்சாரமும் படத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் டிஸ்க் போடுவோம். நான் மௌஸோடு கீழே பாயில். அவர்கள் நாற்காலியில். இவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

“தாலி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பந்திய ஓட்டும்மா மொதல்ல,” என்றார் சென்னியப்பன். “நூறு எலைக்கு மேல சாஸ்தி போயிருக்குது. எவனெவன் வந்து தின்னுட்டுப் போனான்னு பாக்கோணும்.”

“சும்மா இருங். கேக்கறவங்க என்ன நெனப்பாங்க,” என்றார் சம்சாரம். ஆனால் அவரும் முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடம் உள்ளே இருப்பது இவருக்குத் தெரியாது. நான் பார்த்துவிட்டேன் என்பதும் தெரியாது.

பந்தியை ஓட்டினேன்.

“இது உங்க சித்தப்பா. இது அந்தக் கரடு முருகேசன், மொய்யே வெக்கலை, ரெண்டு பந்தி உக்காந்திருக்கறான் பாரு. இது ஆரு? செரி, மாப்ள ஊட்டு டிரைவரு. இது...”

மஞ்சள் கவுன் வந்தது.

நான்கு பேரும் பார்த்தோம். அவள் மேசைக்காலை விட்டாள், சிரித்தாள், நடந்தாள். படம் சாம்பார் வாளிக்குத் தாவியது.

“ஐய, என்ன அழகா நடக்குது!” என்றார் சம்சாரம். “ஆரு ஊட்டுப் புள்ளைங் இது?”

“நம்ம பக்கம் இல்லியே,” என்றார் சென்னியப்பன். “மாப்ள ஊட்டுலயும் கைக்கொழந்தை கெடையாது. தூக்குனது ஆரு? வளையல் மட்டுந்தான் தெரியுது. ஏந்தம்பி, நீதான எடுத்தே. ஆருன்னு தெரியுமா?”

“தெரியலீங்களே,” என்றார் இவர். குரல் சரியாகவே இருந்தது. “லைட்டப் பாத்துட்டு ஓடியாந்துச்சுங்க. கூட்டத்துல ஆரோடதோ.”

“ஆரோடதோன்னு சொல்றே, இவ்வளவு நேரம் காட்டிக்கிட்டே இருக்கறே?”

இவர் கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. நீதான வெட்டி ஒட்டறவ. இந்த மூஞ்சிய வேற எங்கியாச்சும் பாத்தியா?”

நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் தை மாதக் கல்யாணம் போகும். இவர் கூனிக்குறுகி நிற்பார். அதைப் பார்க்க வேண்டும் என்றுகூட ஒரு கணம் ஆசையாக இருந்தது. அதற்காகத்தான் வெட்டாமல் வைத்திருந்தேனோ என்னவோ.

“தெரியலீங்க,” என்றேன்.

“செரி வுடு. கொழந்தை எத்தனை தின்னுருக்கப் போகுது.” அவரே சொல்லி அவரே சிரித்தார். “அதை எடுத்துரும்மா. அசலார் புள்ளைய ஊட்டுல காலம்பூரா போட்டுப் பாக்க முடியுமா?”

அவர்கள் முன்னாலேயே எடுத்தேன். தொடக்கத்தில் ஒரு வெட்டு, வளையல் கையில் ஒரு வெட்டு, டெலிட். கடைசி மேசையும் சாம்பார் வாளியும் தானாக நெருங்கி ஒட்டிக்கொண்டன. அந்த நேரம் பூரா பின்னால் இன்னொரு அந்தியூர்க் கல்யாணம் வெந்துகொண்டுதான் இருந்தது. எதுவும் திணறவில்லை. படம் மேலே ஓடியது.

போகும்போது தை மாதத்துக்கு வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துக் கொடுத்தார்கள்.

அவர்களை வழியனுப்பிவிட்டு வந்து இவர் என் பின்னால் நின்றார். நான் திரும்பவில்லை.

“கோகிலா,” என்றார். பேர் சொல்லி அவர் கூப்பிடுவதில்லை. “அத நெசமாலுமே அழிச்சுப் போட்டியா? வேற எங்கியாச்சும் எடுத்து வெச்சிருக்கறயா?”

“எதைங்க?” என்றேன்.